தருமபுரியில் ஒரு கல்லூரிக் கால்பந்து அணியின் பயிற்சியாளர்கள்: இரண்டு ஆண்டுகள் பார்த்த தந்தையின் மதிப்பீடு

என் மகன் தருமபுரியில் ஒரு கலை அறிவியல் கல்லூரியின் ஆடவர் கால்பந்து அணியில் இரண்டு ஆண்டுகளாக ஆடுகிறான். எனக்கும் வேலை தருமபுரியிலேயே என்பதால், மாலையில் அலுவலகம் விட்டதும் வாரத்தில் மூன்று நாட்களாவது மைதானத்துக்குப் போய், ஓரத்திலுள்ள வேப்பமரத்தடியில் அமர்ந்து பயிற்சி முடியும் வரை பார்த்துவிட்டு, அவனையும் அழைத்துக்கொண்டு பாலக்கோட்டுக்குத் திரும்புவது வழக்கமாகிவிட்டது. கல்லூரிக் காலத்தில் நான் கைப்பந்து ஆடியவன். கால்பந்தை மகன் வழியாகத்தான் கற்றுக்கொண்டேன். பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கும்போது பாடப்பிரிவு, கட்டணம், விடுதி என எல்லாவற்றையும் விசாரிக்கும் நாம், விளையாட்டுப் பயிற்சி அளிப்பவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று விசாரிப்பதில்லை. அந்த விசாரணையில் எவற்றைக் கேட்க வேண்டும் என்பதற்கு இது உதவும் என்று நம்பி எழுதுகிறேன். பயிற்சியாளர்கள் தங்கள் பெயர் வெளியே வருவதை விரும்பாதவர்கள் என்பதால், அவர்கள் பெயரையும் கல்லூரியின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன்.

குழுவில் நான்கு பேர் இருக்கிறார்கள்: உடற்கல்வி இயக்குநர், தலைமைப் பயிற்சியாளர், அதே கல்லூரியில் ஆடிய முன்னாள் மாணவரான உதவிப் பயிற்சியாளர், வாரத்தில் இரண்டு நாளும் போட்டி நாட்களிலும் வரும் பிசியோதெரபிஸ்ட். சனிக்கிழமை மட்டும் ஓசூரிலிருந்து வரும் கோல்கீப்பர் பயிற்சியாளரையும் சேர்த்தால் ஐந்து பேர். இவர்களைப் பற்றி என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆட்டக்காரனின் உடம்பையும் படிப்பையும் போட்டியின் முடிவுக்கு முன்னால் வைக்கும் குழு இது. அந்த ஒன்றுக்காகவே இவர்களிடம் பிள்ளையை நம்பி விடலாம். கோல்கீப்பர்களுக்குக் கிடைக்கும் பயிற்சியும் பெற்றோருக்குத் தகவல் சொல்லும் முறையும் குறைபாடு உள்ளவை. அவற்றையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

தலைமைப் பயிற்சியாளர் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் ‘டி’ உரிமத்தில் தொடங்கி, அதற்கு மேல் ‘சி’ உரிமமும் பெற்றவர். இந்த வரிசை அடுத்து ‘பி’, ‘ஏ’, ‘ப்ரோ’ என்று மேலே செல்லும். உரிமம் இருப்பதாலேயே ஒருவர் நல்ல பயிற்சியாளராகிவிட மாட்டார் என்றாலும், பயிற்சிக்குத் திட்டம் எழுதவும், மாணவனின் வயதுக்கும் உடல்நிலைக்கும் ஏற்பச் சுமையைக் கூட்டிக் குறைக்கவும் அங்கே கற்றுத் தருகிறார்கள் என்பதை இவருடைய குறிப்பேட்டைப் பார்த்தபோது புரிந்துகொண்டேன். ஒவ்வொரு நாளும் என்ன செய்வது, எத்தனை நிமிடம் செய்வது, யாருக்கு ஓய்வு என்பதெல்லாம் முதல் நாளே அதில் எழுதப்பட்டிருக்கும்.

பயிற்சி மாலை நான்கரை மணிக்குத் தொடங்குகிறது. முதல் இருபது நிமிடங்களை நான் ஆரம்பத்தில் வெறும் உடற்பயிற்சி என்றே நினைத்தேன். அது ‘ஃபிஃபா 11 பிளஸ்’ என்ற முறை என்றும், காயங்களைத் தடுப்பதற்காகவே 2006ஆம் ஆண்டில் உருவாக்கப்பட்டது என்றும் பிசியோதெரபிஸ்ட் பிறகு விளக்கினார். அதில் மொத்தம் 15 பயிற்சிகள். முதலில் 8 நிமிடம் மெதுவான ஓட்டமும் உடலைத் தளர்த்தும் அசைவுகளும். அடுத்து 10 நிமிடம் வலிமைக்கும் சமநிலைக்கும் துள்ளலுக்குமான பயிற்சிகள். கடைசி 2 நிமிடம் வேகமான ஓட்டமும் திடீர்த் திருப்பங்களும். ஒருவன் மண்டியிட்டு நிற்க, இன்னொருவன் அவன் கணுக்கால்களைப் பின்னாலிருந்து அழுத்திப் பிடித்துக்கொள்ள, நிற்பவன் முதுகை வளைக்காமல் முன்பக்கமாக மெல்லச் சாயும் பயிற்சி ஒன்று உண்டு. பின்தொடைத் தசை கிழிவதைத் தடுப்பதற்கு அதற்கு ஈடில்லை என்கிறார்கள். அமெரிக்கக் கல்லூரி ஆடவர் அணிகளிடம் இந்த முறையைச் சோதித்து 2015இல் வெளியான ஆய்வு, இதைப் பின்பற்றிய அணிகளில் காயங்கள் ஏறத்தாழ 46 விழுக்காடு குறைந்ததாகக் கூறுகிறது. எங்கள் மைதானம் செம்மண்ணும் பொடிக்கல்லும் கலந்தது. கோடை வந்தால் பாறைபோல் இறுகிவிடும். அப்படிப்பட்ட தரையில் ஓடும் பிள்ளைகளுக்கு இந்த இருபது நிமிடங்கள் எவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மழை நாளிலும், தேர்வுக்கு முந்தைய வாரத்தில் பயிற்சி நேரம் பாதியாகக் குறைந்தபோதும், இந்தப் பகுதியை அவர்கள் ஒருநாளும் விட்டு நான் பார்க்கவில்லை.

பந்தோடு செய்யும் பயிற்சிகளில் என்னை மிகவும் கவர்ந்தது புதன்கிழமைப் பயிற்சி. அன்று வலது காலால் ஆடுபவர்கள் இடது காலால் மட்டும், இடது காலால் ஆடுபவர்கள் வலது காலால் மட்டும் ஆட வேண்டும். இந்தியக் கால்பந்தின் மிகச் சிறந்த பயிற்சியாளரான சையத் அப்துல் ரஹீம், ஹைதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். வலுக்குறைந்த காலால் மட்டும் ஆட வேண்டும், ஒரே தொடுதலில் பந்தைக் கடத்த வேண்டும் என்றெல்லாம் விதி வைத்துப் போட்டிகள் நடத்தியவர். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்திய அணியை நான்காம் இடத்துக்கும், 1962இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கப் பதக்கத்துக்கும் அழைத்துச் சென்றவர் அவரே. எங்கள் தலைமைப் பயிற்சியாளர் அவரை மனத்தில் வைத்தே இந்தப் பயிற்சியை அமைத்திருக்கிறார். முதல் மாதம் மைதானமே சிரிப்பாய்ச் சிரித்தது. பந்து ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். நான்காம் மாதத்தில், இடப்பக்கத் தற்காப்பில் ஆடும் என் மகன் எந்தக் காலுக்குப் பந்து வந்தாலும் தடுமாறாமல் முன்னால் நிற்பவனுக்கு அனுப்புவதை என் கண்ணால் பார்த்தேன்.

உதவிப் பயிற்சியாளரின் வேலை பார்வையைப் பழக்குவது. பந்தை வாங்கப்போகிற ஆட்டக்காரனின் முதுகுக்குப் பின்னால் அவர் சிவப்பு, மஞ்சள், நீலக் கோன்களில் ஏதேனும் ஒன்றைத் தூக்கிப் பிடிப்பார். பந்து காலுக்கு வந்து சேர்வதற்குள் அவன் தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்து நிறத்தைச் சொல்ல வேண்டும். கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இந்தப் பயிற்சிதான் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மிகவும் தேவையானது என்பது என் எண்ணம். பென்னாகரம், அரூர், பாப்பாரப்பட்டி என்று பல ஊர்களிலிருந்து வரும் இவர்களில் பெரும்பாலோர் கபடியும் கிரிக்கெட்டும் ஆடி வளர்ந்து, பதினைந்து பதினாறு வயதுக்குப் பிறகே முறையாகப் பந்தை உதைக்கத் தொடங்கியவர்கள். கால்களில் வலு இருக்கிறது, மூச்சும் இருக்கிறது. ஆனால் பந்து வரும்போது பந்தை மட்டுமே பார்ப்பார்கள். சிறு வயதிலேயே தொடங்கியவனுக்குத் தானாக வந்திருக்கும் பழக்கத்தை இவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துத்தான் வரவழைக்க வேண்டும். அதைப் பொறுமையோடு, யாரையும் ஊர் பெயர் சொல்லி இழிவுபடுத்தாமல் செய்கிறார்கள்.

குடிநீர் விஷயத்தில் இவர்கள் காட்டும் கவனத்தையும் சொல்ல வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு மிகுதி. அது பல்லையும் எலும்பையும் பாதிக்கும் என்பதை நாம் எல்லோரும் அனுபவத்தில் அறிவோம். ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கப்பட்டதே அதற்காகத்தான். மைதானத்தின் மூலையில் ஆழ்துளைக் கிணற்றுக் குழாய் இருந்தும், அது கை கால் கழுவ மட்டுமே என்று பிசியோதெரபிஸ்ட் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். குடிக்க ஒகேனக்கல் தண்ணீர் கேன்களில் நிரப்பி வைக்கப்படுகிறது. பயிற்சி முடிந்ததும் கடலைமிட்டாயும் வாழைப்பழமும் தருகிறார்கள்.

இனி, கடந்த பருவத்தில் சேலத்தில் நடந்த ஒரு போட்டியைப் பற்றிச் சொல்கிறேன். அன்று நான் அங்கே இல்லை. மகனும் அவனுடைய தோழர்களும் சொன்னதை வைத்தே எழுதுகிறேன். கார்னர் பந்துக்கு எகிறிய என் மகனும் எதிரணிக்காரர் ஒருவரும் தலையோடு தலை மோதிக் கீழே விழுந்தார்கள். சில நொடிகளில் எழுந்து நின்ற இவன், தனக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லியிருக்கிறான். பிசியோதெரபிஸ்ட் அதை ஏற்கவில்லை. இது எந்த மைதானம், இப்போது நடப்பது முதல் பாதியா இரண்டாம் பாதியா, கடைசி கோலை அடித்தது யார், போன போட்டியில் யாரோடு ஆடினோம் என்று வரிசையாகக் கேட்டிருக்கிறார். கடைசிக் கேள்விக்கு இவன் தவறான அணியைச் சொன்னதும், தலைமைப் பயிற்சியாளர் ஒரு நொடிகூடத் தயங்காமல் இவனை வெளியே எடுத்துவிட்டார். அப்போது ஆட்டம் 1-1 என்ற நிலையில் இருந்தது. இவனுக்குப் பதிலாக இறங்கியவன் முதலாம் ஆண்டு மாணவன். அந்தப் பக்கமாகவே வந்த பந்தில் எதிரணி இரண்டாவது கோலை அடித்து வென்றுவிட்டது. மருத்துவமனையில் காட்டி, எழுத்துப்பூர்வமாகச் சான்று பெற்று, முதலில் நடை, பிறகு மெதுவான ஓட்டம், பிறகு தலையால் முட்டாத பந்துப் பயிற்சி என்று படிப்படியாக ஏற்றி, இரண்டு வாரங்களுக்குப் பிறகே இவனை மறுபடி ஆட விட்டார்கள். 1962 ஆசிய விளையாட்டு இறுதிப் போட்டியில் தலையில் தையலோடு ஆடி கோல் அடித்த இந்திய ஆட்டக்காரர் ஜர்னைல் சிங்கின் கதையைப் பயிற்சியாளரே பலமுறை பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறார். அதை நினைவூட்டித் தன்னையும் ஆடவிடும்படி மகன் கேட்டபோது, அந்தக் காலத்தில் மூளைக்கு ஏற்படும் அதிர்ச்சியைப் பற்றி இவ்வளவு தெரிந்திருக்கவில்லை, தெரிந்த பிறகு உன்னை இறக்கினால் தவறு என்னுடையது என்று சொல்லியிருக்கிறார். இந்தப் பதிலுக்காக அவருக்கு நான் என்றும் கடன்பட்டவன்.

ஆனால் இத்தனையும் நடந்த அன்று எனக்கு யாரும் தொலைபேசியில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தொப்பூர்க் கணவாயைத் தாண்டி வண்டி தருமபுரிக்கு வந்து, பேருந்து நிலையத்தில் மகன் நெற்றிக் கட்டோடு இறங்கியபோதுதான் எனக்குத் தெரியும். தலையில் அடிபட்ட பிள்ளையைப் பற்றிப் பெற்றோருக்கு அந்த மணி நேரத்திலேயே சொல்லியிருக்க வேண்டும்; இரவில் எந்த அறிகுறிகளைக் கவனிக்க வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். மறுநாள் நேரில் போய் உடற்கல்வி இயக்குநரிடம் என் வருத்தத்தைச் சொன்னேன். அவர் சாக்குப்போக்குச் சொல்லாமல் தவறை ஒப்புக்கொண்டார். அதன் பிறகு காயம் என்றால் அவரே அழைக்கிறார். எனினும் இது ஒருவரின் நல்ல மனத்தை நம்பி நிற்கும் ஏற்பாடாகவே இன்னும் இருக்கிறது. எழுதப்பட்ட நடைமுறை இல்லை.

இரண்டாவது குறை கோல்கீப்பர்கள். அணியில் இரண்டு பேர் இருக்கிறார்கள்; திங்கள் முதல் வெள்ளி வரை அவர்களுக்கென்று தனிப் பயிற்சி எதுவும் இல்லை. முன்வரிசை ஆட்டக்காரர்கள் கோல் அடித்துப் பழகும்போது கம்பங்களுக்கு நடுவே நிற்பதுதான் அவர்கள் வேலை. அது அடிப்பவனுக்குப் பயிற்சியாகுமே தவிர, தடுப்பவனுக்கு ஆகாது. சக ஆட்டக்காரன் காலால் வேண்டுமென்றே பின்னால் அனுப்பும் பந்தைக் கோல்கீப்பர் கையால் எடுக்கக் கூடாது என்ற விதி 1992இல் வந்ததிலிருந்து, அவனும் காலால் ஆடத் தெரிந்தவனாக இருக்க வேண்டும். 2025இல் வந்த மாற்றத்தின்படி, பந்தை எட்டு நொடிக்கு மேல் கையில் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர் கிடைக்கும். ஆகவே பிடித்த கணமே யாருக்கு எறிவது என்று முடிவெடுக்கும் பழக்கமும் வேண்டும். ஓசூரிலிருந்து வருபவர் இவற்றையெல்லாம் நன்றாகவே கற்றுத் தருகிறார். நான் பார்த்த அந்தச் சனிக்கிழமைகளில் அந்த இரு பிள்ளைகளின் முகமே வேறாக இருந்தது. ஆனால் வாரத்துக்கு ஒன்றரை மணி நேரத்தில் அவர்தான் என்ன செய்துவிட முடியும்? நிர்வாகம் அவருக்கு இன்னும் இரண்டு நாட்களுக்கு ஊதியம் ஒதுக்க வேண்டும், அல்லது உதவிப் பயிற்சியாளரைக் கோல்கீப்பர் பயிற்சிக்கான படிப்புக்கு அனுப்ப வேண்டும்.

படிப்பைப் பொறுத்தவரை உடற்கல்வி இயக்குநரின் கையில்தான் கடிவாளம் இருக்கிறது. போட்டிக்குப் போகும் நாட்களுக்கான ஓ.டி. (ஆன் டியூட்டி, அதாவது கல்லூரி வேலையாகவே வெளியே சென்றதாகக் கருதும்) கடிதத்தைத் துறைத் தலைவர்களிடம் அவரே கொண்டுபோய்க் கையெழுத்து வாங்குகிறார்; மாணவன் துறை துறையாக அலைய வேண்டியதில்லை. இரண்டு அரியருக்கு மேல் வைத்திருப்பவன் வெளியூர்ப் போட்டிக்குப் போக முடியாது. கடந்த ஆண்டு அணியின் முதன்மை முன்வரிசை ஆட்டக்காரனையே இந்தக் காரணத்துக்காக விட்டுச் சென்றார்கள். பயிற்சியும் சரியாக ஆறரை மணிக்கு முடிந்துவிடும். தொலைவிலிருந்து வருபவர்களின் பேருந்தைக் கணக்கிட்டு வைத்த நேரம் அது.

புதிய மாணவர்களுக்கான தேர்வு, முதலாம் ஆண்டு வகுப்புகள் தொடங்கிய இரண்டாவது வாரத்தில் மூன்று நாட்கள் நடக்கிறது. முதல் நாளிலேயே யாரையும் திருப்பி அனுப்புவதில்லை. மூன்று நாளும் ஆட விட்டுப் பார்த்து, தேர்வாகாதவனையும் தனியே அழைத்து எதில் குறை என்று சொல்லி அனுப்புகிறார்கள். பூட்ஸ் இல்லாதவர்கள் கடன் வாங்கிப் புதிதாக வாங்க வேண்டாம். முன்னாள் ஆட்டக்காரர்கள் விட்டுச்சென்றவற்றில் அளவுக்கேற்ப ஒரு ஜோடியை உதவிப் பயிற்சியாளர் எடுத்துக் கொடுப்பார். கீழ்க்காலின் முன்பக்கத்தைக் காக்கும் ஷின் கார்டு மட்டும் கட்டாயம். அது இல்லாமல் மைதானத்துக்குள் கால் வைக்க விடமாட்டார்.