ரீபோர் செய்யாமலே ரீபோருக்குப் பணம்: பழைய கார் என்ஜினைப் பட்டறைக்குக் கொடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

பழைய காரைப் பொழுதுபோக்காகச் சீரமைப்பவர்கள் வயரிங், பிரேக், கார்புரேட்டர் போன்ற வேலைகளைத் தங்கள் கையாலேயே முடித்துக்கொண்டாலும், சிலிண்டரை ரீபோர் செய்யவும் (தேய்ந்த உட்சுவரைச் சற்றுப் பெரிதாக வெட்டிச் சீராக்குவது), பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டை கிரைண்டிங் செய்யவும் அதற்கான இயந்திரங்கள் உள்ள பட்டறையைத்தான் நம்பியாக வேண்டும். அந்த ஓர் இடத்தில்தான் நான் ஏமாற்றப்பட்டேன். பட்டறையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. செய்யாத வேலையைச் செய்ததாகக் காட்டியது எப்படி, அது எதனால் வெளிப்பட்டது என்பதை மட்டும் விவரமாகப் பதிவு செய்கிறேன்.

கார் நான்கு சிலிண்டர், கார்புரேட்டர், பாயிண்ட் இக்னிஷன் கொண்ட பழைய வகை. என்ஜினைத் தனியாக இறக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சிலிண்டர்களை 0.50 மி.மீ. பெரிதாக்கி அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன்கள் போடுவது, கிராங்க்கை 0.25 மி.மீ. கிரைண்டிங் செய்து அதற்குரிய தடிமனில் பேரிங் ஷெல்கள் (கிராங்க் சுழலும் இடத்தில் வைக்கும் அரைவட்டத் தகடுகள்) போடுவது, சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டைச் சமப்படுத்துவது, எக்ஸாஸ்ட் வால்வுகள் மூடும்போது உட்காரும் இடத்தில் கடினப்படுத்திய சீட் வளையங்கள் பொருத்துவது என்று எழுத்தில் பேசி முடித்தோம். திரும்பி வந்த பில்லில் இவை ஒவ்வொன்றும் தனித்தனி வரியாக, தனித்தனித் தொகையோடு இருந்தன. கழற்றிய பழைய பிஸ்டன்களையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். என்ஜினுக்கு அடித்திருந்த பெயிண்ட் மிக அழகாக இருந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

முதலில் எந்தக் குறையும் தெரியவில்லை. ஆயில் பிரஷர் முள் நன்றாக நின்றது. ஓட்டிப் பழக்கும் காலம் முடிந்து பட்டறை ஊற்றியிருந்த ஆயிலை வடித்தபோது அது வழக்கத்தை விடக் கெட்டியாக, தேன் போல வடிந்தது. காரின் கையேட்டில் சொல்லியிருக்கும் 20டபிள்யூ-50 ஆயிலை ஊற்றி ஓட்டினேன். என்ஜின் சூடேறி ஐடிலிங்கில் நின்றபோது பிரஷர் முள் கீழே படுத்துவிட்டது. டேஷ்போர்டு முள்ளை மட்டும் நம்பக் கூடாது என்பதால், சென்சார் இருக்கும் துளையில் மெக்கானிக்கல் கேஜ் ஒன்றைத் திருகிப் பார்த்தேன். அதுவும் அதையே காட்டியது. நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு 10 பி.எஸ்.ஐ. (அழுத்த அளவு) என்று மெக்கானிக்குகள் போடும் பொதுவான கணக்குக்கு அது பக்கத்தில்கூட வரவில்லை. கூடவே, மேட்டில் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது சைலன்சரிலிருந்து நீலப் புகை வரத் தொடங்கியது.

"புது என்ஜின் சார், ரிங் செட் ஆகிற வரைக்கும் அப்படித்தான் இருக்கும்" என்பது பட்டறையின் முதல் பதில். பிஸ்டனைச் சுற்றியுள்ள புதிய ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு ஒத்துப்போகச் சற்றுக் காலம் பிடிக்கும் என்பது உண்மை. ஆனால் அந்தக் காலத்தில் புகை குறைந்துகொண்டே வர வேண்டும், கூடிக்கொண்டே போகக் கூடாது. அடுத்து, ஆயிலை நான் மாற்றியதுதான் தவறு என்றார்கள். கையேடு சொல்லும் ஆயிலில் பிரஷர் நிற்காத என்ஜினை எப்படிச் சரியான என்ஜின் என்று சொல்ல முடியும் என்று கேட்டபோது, குறை கார்புரேட்டருக்கு மாறியது. கார்புரேட்டரைப் பிரித்துப் பூட்டியது நான் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இந்தக் கடைசிப் பதிலைச் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இதில் பாதி உண்மை கலந்திருக்கிறது. கார்புரேட்டரின் மிதவை சரியில்லாமல் பெட்ரோல் அளவுக்கு மீறிப் போனால் அது சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு என்ஜினின் அடியில் ஆயில் தங்கும் சம்புக்குள் இறங்கி ஆயிலை நீர்க்கச் செய்யும், பிரஷரும் குறையும். ஆனால் அப்படி நடந்தால் டிப் ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறும், முகர்ந்தால் பெட்ரோல் வாடை வரும், புகை கறுப்பாக இருக்கும், பிளக் முனையில் உலர்ந்த கரி படியும். என் காரில் மட்டம் இறங்கிக்கொண்டிருந்தது, புகை நீலம், பிளக்குகள் ஆயிலில் நனைந்து பிசுபிசுத்தன. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை விட்டு விட்டு ஊதியது. அது பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்கும் வாயு. இக்னிஷன் பாயிண்ட் இடைவெளியை 0.40 மி.மீ. அளவில் மறுபடி வைத்து, டைமிங் லைட் பிடித்துப் பார்த்தும் எந்த மாற்றமும் இல்லை. இக்னிஷன் குறையால் ஆயில் எரியாது என்பது தெரிந்ததுதான் என்றாலும், பின்னால் அதைச் சொல்லித் தப்ப வழி இருக்கக் கூடாது என்பதற்காகவே பார்த்தேன்.

பிறகு கம்ப்ரஷன் சோதனை, அதாவது ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் எவ்வளவு அழுத்தம் எழுகிறது என்று கேஜில் பார்ப்பது. என்ஜினைச் சூடாக்கி, நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்திப் பிடித்துக்கொண்டு செய்ய வேண்டிய சோதனை இது. ஆக்சிலரேட்டர் திறக்கும் காற்று வழியான த்ராட்டில் மூடியிருந்தால் அளவு பொய்யாகக் குறைந்து காட்டும். நான்கு அளவுகளும் குறைவாகவும் ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்கு மேல் வேறுபட்டும் இருந்தன. ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி பார்த்தபோது நான்கும் சட்டென்று ஏறின. வால்வு கசிந்தால் ஆயில் விட்டாலும் அளவு ஏறாது. ரிங்கும் சிலிண்டரும் தேய்ந்திருந்தால்தான் ஏறும். ரீபோர் செய்து புதுப் பிஸ்டன் போட்ட என்ஜினில் இப்படி வர நியாயமே இல்லை.

பிரிப்பதற்கு முன், இன்ன நாளில் வேறொரு பட்டறையில் திறக்கப் போகிறேன், வந்து உடனிருக்கலாம் என்று எழுத்தில் தெரிவித்தேன். அவர்கள் தரப்பிலிருந்து யாரும் வரவில்லை. ஹெட்டை எடுத்ததும் சிலிண்டரின் மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே விரலை ஓட்டிப் பார்த்தேன். நகம் ஒரு திட்டில் தடுக்கி நின்றது. மேல் ரிங் எட்டும் இடம் வரை சுவர் தேய்ந்து, அதற்கு மேலே தேயாமல் மிஞ்சும் உலோகம்தான் அந்தத் திட்டு. ரீபோர் செய்த சிலிண்டரில் அது இருக்கவே முடியாது, ஏனெனில் மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக வெட்டி எடுப்பதுதான் ரீபோர். ஆனால் திட்டுக்குக் கீழே குறுக்கும் நெடுக்குமான கீறல்கள் புதிதாகப் பளபளத்தன. கை டிரில்லில் ஹோனிங் கல்லை மாட்டிச் சற்று நேரம் ஓட்டியிருக்கிறார்கள். பார்ப்பவருக்குப் புதிதாக வெட்டியது போலத் தோன்றும், தேய்மானம் அப்படியே இருக்கும்.

பிஸ்டன் தலையில் படிந்திருந்த கரியைத் துடைத்தபோது ஓவர்சைஸ் எண் எதுவும் இல்லை. ஸ்டேண்டர்டு அளவுக் குறி மட்டும் இருந்தது. அவை என் பழைய பிஸ்டன்களேதான். அப்படியானால் பையில் கொடுத்த பிஸ்டன்கள்? பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் என் பின்னை அவற்றில் நுழைத்துப் பார்த்தோம். துளை பெரிதாக இருந்து ஆடியது. வேறு ஏதோ என்ஜினின் கழிவைத்தான் 'உங்கள் பழைய சாமான்' என்று கொடுத்திருக்கிறார்கள். இந்த இடத்தில்தான் இது கவனக்குறைவு அல்ல, திட்டமிட்ட வேலை என்பது எனக்கு உறுதியாயிற்று.

புதிதாக இருந்தவை ரிங்குகள் மட்டுமே. ரிங்கைச் சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டனால் நேராகத் தள்ளி, முனைகளுக்கு இடையே ஃபீலர் கேஜ் நுழைத்து அளந்தால் உண்மை தெரிந்துவிடும்: விட்டத்தில் 0.1 மி.மீ. தேய்மானம் இருந்தால் ரிங் இடைவெளி 0.3 மி.மீ.க்கும் அதிகமாகக் கூடும். கீழே, தேயாத பகுதியில் ஓரளவு சரியாக இருந்த இடைவெளி, மேலே கொண்டுவந்ததும் வாய் பிளந்தது. தேய்ந்த சிலிண்டரில் திட்டை எடுக்காமல் புது ரிங் போடுவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. புது ரிங்கின் கூர்மையான விளிம்பு திட்டில் மோதி, ரிங்கோ பிஸ்டனின் ரிங் பள்ளமோ உடையலாம்.

சம்பைக் கழற்றியபோது ஷெல்களின் பின்புறத்திலும் ஸ்டேண்டர்டு குறியே இருந்தது. 0.25 மி.மீ. கிரைண்டிங் செய்த கிராங்க்கில் ஸ்டேண்டர்டு ஷெல் போட்டால் தொளதொளக்கும்; கிரைண்டிங் செய்யாத கிராங்க்கில் 0.25 ஷெல் போட்டால் கிராங்க் சுற்றவே சுற்றாது. ஆகவே அந்தக் குறி ஒன்றே போதுமான சாட்சி. மைக்ரோமீட்டரும் அதையே சொன்னது: கிராங்க்கை யாரும் தொடவில்லை. ஷெல்களில் மேல் பூச்சு தேய்ந்து செம்பு நிறம் தெரிந்தது. கெட்டி ஆயில் ஊற்றியது இந்தத் தொளதொளப்பை மறைக்கத்தான்.

ஹெட்டைச் சமப்படுத்தியது மட்டும் உண்மை. வால்வு சீட் வளையம் எதுவும் இல்லை. பழைய வார்ப்பிரும்பு ஹெட்டுகளில் சீட்டை ஹெட்டிலேயே வெட்டியிருப்பார்கள். பெட்ரோலில் இருந்த ஈயம் அதற்குப் பாதுகாப்பாக இருந்தது. 2021-இல் அல்ஜீரியாவும் நிறுத்தியதோடு, கார்களுக்கான ஈயப் பெட்ரோல் உலகில் எங்கும் விற்பனைக்கு இல்லை. ஈயம் இல்லாத பெட்ரோலில் அழுத்தி ஓட்டும்போது எக்ஸாஸ்ட் சீட் தேய்ந்து வால்வு உள்ளே இறங்கும், வால்வைத் தள்ளும் டேப்பட்டின் இடைவெளி குறைந்துகொண்டே வரும். அதனால்தான் கடினமான வளையம் கேட்டிருந்தேன். வளையம் பொருத்தியிருந்தால் சீட்டைச் சுற்றி வேறு உலோகத்தின் நிறமும் மெல்லிய வட்டக் கோடும் கண்ணுக்குத் தெரியும். இங்கே அரைப்புப் பசை தேய்த்த சாம்பல் நிற வட்டம் மட்டுமே இருந்தது.

இத்தகைய வேலைக்குக் கொடுக்கப் போகிறவர்கள், பிஸ்டன், ஷெல், ராட் ஒவ்வொன்றிலும் கண்ணில் படாத இடத்தில் பஞ்ச் கருவியால் ஒரு புள்ளி அடித்துப் படம் எடுத்துக்கொண்ட பிறகே என்ஜினைக் கொடுங்கள். ரீபோர் முடிந்ததும், பிஸ்டன் இறங்குவதற்கு முன், வெறும் பிளாக்கைப் பார்க்க வேண்டும் என்பதைப் பேசும்போதே நிபந்தனையாக்குங்கள். ஒவ்வொரு சிலிண்டரையும் மேல், நடு, கீழ் என மூன்று உயரங்களில், ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு திசைகளில் அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். உண்மையில் வேலை செய்யும் பட்டறைக்கு இது சிரமமே இல்லை, எப்படியும் அளந்துதான் வெட்டுவார்கள். பேரிங் மூடிகளை இறுக்கும்போது நசுங்கும் அகலத்தால் இடைவெளியைக் காட்டும் பிளாஸ்டிகேஜ் இழையை வைத்து இடைவெளியைக் காட்டச் சொல்லலாம். மீதித் தொகை இவற்றுக்குப் பிறகே.

இரண்டாவது பட்டறை எழுதித் தந்த அளவுத் தாளையும் படங்களையும் அனுப்பியதும், ஓவர்சைஸ் பிஸ்டன் கிடைக்கவில்லை என்று முதல் பட்டறை சொல்லத் தொடங்கியது. கிடைக்காத பிஸ்டனுக்கு எப்படிப் பில் போட்டீர்கள் என்ற கேள்விக்குப் பதில் வரவில்லை. எழுத்துமூலம் புகார் செய்வேன் என்று தெரிவித்த பிறகு சாமான்களுக்கு வாங்கிய தொகையைத் திருப்பிக் கொடுத்தார்கள், கூலியைக் கொடுக்கவில்லை. பிளாக் இப்போது இரண்டாவது பட்டறையில் 0.50 மி.மீ.க்கு வெட்டப்பட்டுவிட்டது. கிராங்க்தான் பிரச்சினை. தேய்ந்த ஷெல்களோடு ஓடியதில் கிராங்க்கில் பேரிங் பிடிக்கும் பகுதிகளான ஜர்னல்களில் இரண்டில் கீறல் ஆழமாக விழுந்து, 0.25 மி.மீ.க்குப் பதிலாக நேராக 0.50-க்கு இறக்க வேண்டியதாயிற்று. ஒரு கிராங்க்கை இத்தனை முறைதான் கிரைண்டிங் செய்யலாம் என்று வரம்பு உண்டு. அதில் ஒரு படியை அவர்கள் வீணாக்கிவிட்டார்கள். 0.50 அளவு ஷெல்களை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.