பைத்தானுக்கு இசட்ஓடிபியா, போஸ்ட்கிரெஸ்ஸா?

கிளை கிளையாகப் பிரியும் தரவு, அதைத் தொடுவது ஒரே ஒரு பைத்தான் அப்ளிகேஷன் என்றால் நான் இசட்ஓடிபி (பைத்தான் ஆப்ஜெக்ட்டுகளை அப்படியே சேமிக்கும் தரவுத்தளம்) பக்கம்தான்.

ஒரு ஆர்டர், அதற்குள் பத்து ஐட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தரவை டேபிள்களில் வைக்கும் தரவுத்தளமான போஸ்ட்கிரெஸ்ஸில் இதற்கு இரண்டு மூன்று டேபிள், ஃபாரின் கீ, எடுக்கும்போது ஜாயின், அப்புறம் வந்த வரிசைகளை மறுபடி ஆப்ஜெக்டாகக் கோர்க்கும் வேலை. ஓஆர்எம் (வரிசைகளை ஆப்ஜெக்டாக மாற்றித் தரும் லைப்ரரி) போட்டால் அந்த வேலை கண்ணில் படாது, ஆனால் ஒழிந்துவிடாது. இசட்ஓடிபியில் நம் கிளாஸை பெர்சிஸ்டன்ட் என்ற அதன் அடிப்படை கிளாஸிலிருந்து இன்ஹெரிட் செய்து, ஆப்ஜெக்டை ரூட்டில் (எல்லாம் தொடங்கும் மேல் ஆப்ஜெக்ட்) மாட்டி, கமிட் அடித்தால் முடிந்தது. பிறகு தொட்டால் தேவையான ஆப்ஜெக்ட் மட்டும் தானாக டிஸ்கிலிருந்து வரும். இணையதள உள்ளடக்கத்தை நிர்வகிக்கும் மென்பொருளான ப்ளோன் இன்றும் இதன் மேல்தான் ஓடுகிறது.

சரி, சிக்கல்? உள்ளே சாதாரண லிஸ்ட் வைத்து அப்பெண்ட் செய்தால் மாறியதே அதற்குத் தெரியாது, சத்தமில்லாமல் சேமிக்காமல் விட்டுவிடும் (அதற்குப் பதில் இசட்ஓடிபிக்கான பெர்சிஸ்டன்ட்லிஸ்ட் போடுங்கள், ஒரு மாலை மிச்சமாகும்). கிளாஸ் பெயரை அப்படியே மாற்றினால் பழைய ஆப்ஜெக்ட்டுகள் உடைந்து நிற்கும்.

'போன மாதம் எது அதிகம் விற்றது?' என்பதற்கு போஸ்ட்கிரெஸ்ஸில் ஒரு குரூப் பை குவெரி போதும். இசட்ஓடிபியில் லூப் எழுத வேண்டும், இல்லை பி-ட்ரீயில் (கீகளை வரிசைப்படுத்தி வைக்கும் மர அமைப்பு) இண்டெக்ஸை நாமே கட்ட வேண்டும். பைத்தான் தெரியாத கணக்குப் பிரிவுக்கோ அது பூட்டிய பெட்டி.