ஜோடி கேம்பேட் வாங்கி ஏமாந்தேன்

இரண்டு பேர் ஆடும் பழைய கேம்களுக்கு டூல் அசிஸ்டட் ரன் (எமுலேட்டர் என்ற மென்பொருளில் கேமை ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தி, பட்டன் அழுத்தங்களைப் பதிந்து உருவாக்கும் ஆட்டம்) செய்பவரா நீங்கள்? ஒரே ரிசீவரில் இரண்டு கேம்பேட் என்று விற்கும் ஜோடியைக் கண்டால் கொஞ்சம் நில்லுங்கள்.

நான் ஆர்டர் செய்தது வயர் உள்ள ஜோடி. சும்மா கிடந்தால் தானாக அணைந்துவிடுமா, டர்போ (பட்டனைப் பிடித்திருந்தாலே வேகமாக விட்டுவிட்டு அழுத்துவது) உண்டா என்று முன்கூட்டியே கேட்டேன். இரண்டுக்கும் ‘இல்லை’ என்றார் விற்றவர். வந்ததோ வயர்லெஸ். அப்போதே திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். காண்ட்ரா கேமின் ரன் பாதியில் நின்ற அவசரத்தில், சரி, பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

என்.இ.எஸ். (நின்டெண்டோவின் பழைய கேம் கருவி) கேம் நொடிக்குச் சுமார் 60 ஃபிரேம் ஓடும். நாம் அதை ஒவ்வொரு ஃபிரேமாகத் தள்ளுகிறோம். ஒரே ஒரு தாவலை யோசித்துக்கொண்டு அரை மணி நேரம் உட்காருவதும் உண்டு. அதற்குள் கேம்பேட் இரண்டும் அணைந்துவிடும். மறுபடி தட்டும்போது எது முதலில் உயிர் பெறுகிறதோ, அதுதான் ரிசீவருக்கு ஒன்றாம் நம்பர்!

மாட்டிக்கொண்டது அருவிக் கட்டத்தில். அங்கே திரை மேலே மட்டும்தான் நகரும். கீழே தங்கியவர் காலி. இருவரும் ஒட்டி ஒட்டியே ஏறியதால் ஆள் மாறியது உடனே தெரியவில்லை. தெரிந்தபோது நல்ல சேவ் ஸ்டேட்டின் (கேமின் அந்த நொடி நிலையைச் சேமித்த கோப்பு) மேலேயே புதியதைச் சேமித்திருந்தேன். ஒரு மாலை முழுக்கச் செய்த வேலை போச்சு.

அடுத்தது டர்போ. பட்டன் அழுத்தங்கள் பதிவாகும் எஃப்எம்2 கோப்பைத் திறந்தால் ஃபிரேமுக்கு ஒரு வரி, ஆளுக்கு எட்டு பட்டன். 20 ஃபிரேம் பி பட்டனை விடாமல் அழுத்தியிருந்தேன். கோப்பில் மூன்று வரி B, ஒரு புள்ளி (அழுத்தவில்லை என்று அர்த்தம்), மறுபடி B, அப்புறம் இரண்டு புள்ளி. அணைக்க வழியில்லாத டர்போ உள்ளே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அது தன் கடிகாரப்படி விட்டுவிட்டு அழுத்தும். ஃபிரேமோ நான் தள்ளினால்தான் நகரும். இரண்டும் எப்படி ஒத்துப்போகும்?

புகார் சொன்னால், “சாதாரணமா ஆடினா நல்லாத்தானே வேலை செய்யுது? ஏமாத்துற சாஃப்ட்வேர்ல போட்டா வாரண்டி கிடையாது” என்று பதில். கருவி வைத்துச் செய்த ரன் என்று சொல்லித்தான் நாங்கள் வெளியிடுகிறோம். வயர் என்று சொல்லி வயர்லெஸ் அனுப்பியவர் பேசுகிற பேச்சா இது? பணம் திரும்பவில்லை.

வாங்கியே ஆக வேண்டுமென்றால், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் சோதித்துவிடுங்கள். அரை மணி நேரம் தொடாமல் வைத்து, இரண்டாவதை முதலில் தட்டி, எந்த ஆள் அசைகிறார் என்று பாருங்கள். பி-யை அழுத்தியபடி 20 ஃபிரேம் தள்ளி, கோப்பில் B தொடர்ந்து வருகிறதா என்று பாருங்கள்.

உண்மையில் ஜோடியே தேவையில்லை. எஃப்சிஇயூஎக்ஸ் என்ற என்.இ.எஸ். எமுலேட்டரில் உள்ள, இந்த ரன்களைத் திருத்தும் டாஸ் எடிட்டரில் முதல் ஆளை மட்டும் பதிந்து, பின்னால் வந்து, அது கலையாமல் இரண்டாம் ஆளைப் பதியலாம். இப்போது அருவியை ஒரு பழைய வயர் கேம்பேடை வைத்து மறுபடி ஏறிக்கொண்டிருக்கிறேன்.