விட்ட பக்கத்தை எழுதச் சொல்லும் வாசிகசாலை

திருகோணமலைக் கடற்கரைக்குப் பின்னால் உள்ள ஓர் ஒழுங்கையில், ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் தன் வீட்டு விறாந்தையில் வைத்துப் புத்தகம் இரவல் கொடுக்கிறார். பெயர்ப்பலகை கிடையாது. முற்பணம் 500 ரூபா, மாதம் 200. ஒரு தடவைக்கு இரண்டு புத்தகம். உப்புவெளியிலிருந்து ஓட்டோவில் போய்வந்தால் ஓட்டோக் காசு அதைவிடக் கூட, அதனால் சைக்கிளில்தான் போகிறேன். எட்டு மாதமாகிவிட்டது.

இந்த இடத்தின் விசேஷம் புத்தகங்கள் அல்ல, ஒரு சீ.ஆர். கொப்பி, அதாவது தடித்த அட்டைப் பதிவுக் கொப்பி. பெயர், புத்தகம், கொண்டுபோன திகதி, கொண்டுவந்த திகதி என்று வழக்கமான நான்கு கட்டங்கள். ஐந்தாவது கட்டத்தின் தலைப்பு ‘விட்ட பக்கம்’. வாசித்து முடித்தவர்கள் அதில் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போகலாம். முடிக்காதவர்கள் எந்தப் பக்கத்தோடு விட்டார்கள் என்று எழுத வேண்டும்.

முதல் மாதம் நான் பொய் சொன்னேன். பரிசு வாங்கிய ஒரு தடித்த நாவல், 62ஆம் பக்கத்துக்கு மேல் ஓடவில்லை. வெட்கத்தில் கோடு போட்டுவிட்டேன். ஐயா கண்ணாடியை இறக்கிப் பார்த்து, “கடைசியிலை அந்தத் தாய் என்ன செய்தவ?” என்று கேட்டார். தாயா, கதையில் தாய் எங்கே வந்தாள் என்று விழித்தேன். “பிள்ளை, விட்டா விட்டது எண்டு எழுதுங்கோ. பின்னாலை வாறவைக்கு உதவும்.” கோட்டை வெட்டி 62 என்று எழுதினேன். பிறகு முந்திய பக்கங்களைப் புரட்டி அதே நாவலைத் தேடினால் 58, 64, 61. அந்த இடத்தில்தான் கதாநாயகன் மொட்டைமாடியில் நின்று வாழ்க்கையைப் பற்றிப் பேசத் தொடங்குகிறான். ஊரே சேர்ந்து இறங்கிய தரிப்பிடம் அது. எந்த மதிப்புரையும் எனக்கு இவ்வளவு துல்லியமாகச் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு புத்தகம் எடுப்பதற்கு முன் கொப்பியைத்தான் வாசிக்கிறேன். ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகத்துக்குப் பெயர்கள் நிறைய. 2022இல் படம் வந்த கையோடு வரிசையாக எடுத்திருக்கிறார்கள். ஐந்தாம் பாகத்தை எடுத்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். முதல் பாகத்தின் முதுகு கிழிந்து டேப் ஒட்டியிருக்கிறது, ஐந்தாம் பாகம் கடையில் வாங்கியது போலவே இருக்கிறது. 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்த தொடர்கதை அது. ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் ஒரு கொக்கி இருக்கும். அடுத்த இதழுக்கு ஏழு நாள் காத்திருந்தவர்களுக்காகப் போட்ட கொக்கிகள். ஒரே மூச்சில் வாசிக்கிறவர்களுக்கு அதே கொக்கிகள் களைப்பைத் தருகின்றன என்று நினைக்கிறேன். தவிர, ஐந்தாம் பாகம் மட்டும் 91 அத்தியாயம்.

வா. அ. இராசரத்தினத்தின் ‘தோணி’ தொகுப்புக்கு ‘விட்ட பக்கம்’ கட்டத்தில் எல்லாமே கோடுகள்தான். கொட்டியாரக்குடாவுக்கு அந்தப் பக்கம் மூதூர்க்காரர் எழுதியது. அந்தக் கடலைத் தினமும் பார்க்கிறவர்கள் எப்படி நடுவில் விடுவார்கள்? ஆனால் ஐயாவிடம் இருப்பது போட்டோப் பிரதி, சில வரிகளின் ஓரம் வெட்டுப்பட்டிருக்கிறது. அந்த மாதிரிப் பழைய ஈழத்துப் புத்தகங்களைத் தேடுகிறவர்கள் ‘நூலகம்’ என்ற இணையத்தளத்திலும் பார்க்கலாம். 2005இலிருந்து அவர்கள் மின்வருடிப் போடுகிறார்கள், காசு கிடையாது. போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கி வாசிக்க என் கண் ஒத்துழைக்கவில்லை, அது என் குறை.

ரஷ்ய நாவல்கள் தனி அலுமாரியில். மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகம் போட்ட தமிழ்ப் பதிப்புகள். நூலால் தைத்த கட்டு என்பதால் இந்த உப்புக்காற்றிலும் ஒரு தாள் கழரவில்லை. பசை போட்டு ஒட்டிய புதுப் புத்தகங்களோ கச்சான் காற்று தொடங்கியதும் முதுகு காய்ந்து நடுவால் வெடிக்கின்றன, மாரியில் ஊதிப் போகின்றன. நான் எடுத்த ரஷ்ய நாவலின் பின்னட்டை உள்பக்கத்தில் யாரோ பென்சிலால் ஒரு வம்சமரம் வரைந்திருந்தார்கள். சொந்தப் பெயர், தகப்பன் பெயரோடு சேர்த்த பெயர், குடும்பப் பெயர், வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயர் என்று ஒரே ஆளுக்கு நான்கு. பதினொரு பேர் வரை ஒழுங்காக வரைந்து, பன்னிரண்டாவது பெட்டியைக் கட்டி, உள்ளே ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தார்கள். கொப்பியில் தேடிப் பார்த்தேன். விட்ட பக்கம் 203. நான் அந்த மரத்தை வைத்துக்கொண்டு முடித்தேன். பன்னிரண்டாவது பெட்டியையும் நிரப்பிவிட்டேன்.

கிண்ணியாவிலிருந்து வரும் ஒருவரை அங்கே அடிக்கடி சந்திப்பேன். அவருடைய பெயருக்கு நேரே அண்மைக் காலமாகக் கோடுகள் குறைவு. ‘பாதை’ என்கிற மிதவைப் படகில் கடலைக் கடந்த காலத்தில் காத்திருக்கிற நேரத்திலேயே ஒரு சிறுகதை முடிந்துவிடுமாம். “2009இல பாலம் வந்திட்டுது. இப்ப ஒரு பக்கம் திருப்புறதுக்குள்ள அக்கரை” என்றார். குறை சொல்கிறாரா, பெருமைப்படுகிறாரா என்று தெரியவில்லை.

இனி என் குறைகள். ‘பொன்னியின் செல்வன்’ மூன்றாம் பாகத்தை யாரோ கொண்டுபோய்க் கொண்டுவரவே இல்லை. இரண்டாம் பாகத்தைத் திருப்பிக் கொடுத்தபோதுதான் எனக்கு அதைச் சொன்னார்கள், முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். “இருங்கோ, நான் சொல்லுறன்” என்று ஐயா கதையை வாயால் சொன்னார். முக்கால் மணித்தியாலம், நடுவில் இரண்டு பிளேன்டீ. நன்றாகத்தான் சொன்னார், ஆனால் நான் பணம் கட்டியது வாசிக்க. புதுப் புத்தகமும் மிகக் குறைவு. பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இந்திய விலையை நாலால் பெருக்கிப் பார்த்துவிட்டு நானே கடையில் புத்தகத்தைத் திரும்ப வைக்கிறேன், அவரைக் குற்றம் சொல்ல மனம் வரவில்லை. வாயில் கதவை மட்டும் ஒழுங்காகப் பூட்டலாம். ஊர் மான்கள் உள்ளே வந்துவிடுகின்றன. வெயிலில் காயவைத்திருந்த ஒரு சமையல் புத்தகத்தை ஒரு மான் அட்டையிலிருந்து தின்னத் தொடங்கியிருக்கிறது. கொப்பியில் ஐயாவின் கையெழுத்தில் இப்படி இருக்கிறது: பெயர், மான். விட்ட பக்கம், 12.

நான் இந்த மாதம் விட்டது ஒரு துப்பறியும் நாவல், 40ஆம் பக்கத்தில். கொலைகாரன் யாரென்று யாரோ முன்பே பென்சிலால் வட்டம் போட்டிருந்தார்கள். முடித்தது அந்த ரஷ்ய நாவல். இப்போது வாசிப்பது ‘பொன்னியின் செல்வன்’ நான்காம் பாகமான ‘மணிமகுடம்’, வாயால் கேட்ட மூன்றாம் பாகத்தை நம்பி.

மாலை 4 மணி முதல் 7 வரை திறந்திருக்கும், செவ்வாய்க்கிழமை இல்லை. ‘மணிமகுடம்’ தேடிப் போகிறவர்கள் அடுத்த வாரம் போங்கள். அது என்னிடம் இருக்கிறது, இன்னும் எண்பது பக்கம்தான்.