பிழைப் பக்கம் அழகாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துப் பணம் கொடுத்துவிடாதீர்கள்

ஜாவா வலைச் செயலியை வெளியாரிடம் கொடுத்து எழுதி வாங்குகிறவர்கள், கணக்கை முடிப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

எங்கள் விண்ணப்பச் செயலியில் கோளாறு வந்தால், அதை இயக்கும் சர்வரான டாம்கேட்டின் வெள்ளைப் பக்கம் அப்படியே பயனர் முன் வந்து நின்றது. ஸ்டாக் டிரேஸ் (நிரலின் எந்தெந்த வரிகள் வழியே பிழை வந்தது என்ற பட்டியல்) முழுவதும், அதற்குள் தரவுத்தள அட்டவணையின் பெயர், அடியில் டாம்கேட்டின் பதிப்பு எண். செயலியை எழுதிய நிறுவனத்திடமே இதைச் சரிசெய்யச் சொன்னோம். நான்கே நாளில், 'மன்னிக்கவும், சிறிது நேரம் கழித்து முயலுங்கள்' என்று ஓர் அழகான பக்கம் வந்தது. நானே பார்த்துக் கையெழுத்துப் போட்டேன்.

மூன்று வாரம் கண்காணிப்புத் திரை முழுவதும் பச்சை. பிறகு ஒரு பெண்மணி, ஐந்து முறை விண்ணப்பம் அனுப்பியும் ஒப்புகை வரவில்லை என்று எழுதியிருந்தார். அவர் குறிப்பிட்ட நேரத்தில் லாகில், அதாவது சர்வரின் பதிவுக் கோப்பில், ஒரு வரிகூட இல்லை. பிரவுசரின் நெட்வொர்க் பகுதியைத் திறந்துவைத்து, அவருடைய விவரங்களையே நிரப்பி அனுப்பிப் பார்த்தேன். சர்வரின் பதில் எண்கள்: முதலில் 302 ('வேறு பக்கத்துக்குப் போ'), அடுத்து 200 ('எல்லாம் சரி'). வந்திருக்க வேண்டிய 500 ('சர்வரில் பிழை') எங்குமே இல்லை.

நிரலைப் பிரித்துப் பார்த்ததும் வயிறு எரிந்தது. ஒரே ஒரு ஃபில்டர், அதாவது கோரிக்கைகள் கடந்து போகும் இடைநிலை நிரல். எந்த எக்ஸெப்ஷன் (நிரல் ஓடும்போது எழும் பிழை) வந்தாலும் பிடித்து, லாகில் எழுதாமல் விழுங்கி, அழகான பக்கத்துக்கு ரீடைரக்ட் செய்துவிடுகிறது. ரீடைரக்ட் என்றால் பிரவுசர் புதிதாக இன்னொரு கோரிக்கையை அனுப்புகிறது. பிழையின் விவரம் பழைய கோரிக்கையோடு போய்விடுகிறது. புதிய கோரிக்கைக்குப் பக்கம் கிடைத்துவிடுவதால் 200. கண்காணிப்புக் கருவியும் அதை நம்பிவிட்டது. கேட்டபோது, "ஸ்டாக் டிரேஸ் தெரியக் கூடாது என்றீர்கள், இப்போது தெரியவில்லையே" என்றார்கள். அந்த மூன்று வாரத்தில் யார் யாருடைய விண்ணப்பங்கள் தொலைந்தன என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. அதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை.

இதற்கு முறையான வழி வெகுகாலமாக இருக்கிறது. வெப்.எக்ஸ்எம்எல் என்ற செயலியின் அமைப்புக் கோப்பில் எர்ரர்-பேஜ் என்ற பகுதியில் 404-க்கு ('பக்கம் இல்லை') ஒரு பக்கம், 500-க்கு ஒரு பக்கம் என்று எழுதினால் போதும். ஜாவா வலைச் செயலிகளுக்கான தரமான சர்வ்லெட்டின் 3.0 பதிப்பு முதல், எண் குறிப்பிடாமல் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்றும் எழுதலாம். டாம்கேட் சர்வருக்குள்ளேயே அந்தப் பக்கத்துக்குத் திருப்பிவிடும். 500 என்பது 500 ஆகவே வெளியே போகும், யாரும் பிடிக்காமல் விட்ட எக்ஸெப்ஷன் லாகில் பதியும்.

திருத்திக் கொடுத்ததிலும் ஒரு குறை. பிழை விவரத்தை 'ஜாவாக்ஸ்' என்று தொடங்கும் பழைய பெயரில் தேடியிருந்தார்கள். நாங்கள் இருப்பது டாம்கேட் 10. அதில் 'ஜகார்த்தா' என்று தொடங்க வேண்டும். நிரலை மொழிபெயர்க்கும் கம்பைலர் இதைப் பிடிக்காது, பிழை விவரத்துக்குப் பதில் வெறும் நல் (மதிப்பே இல்லை) தான் வரும்.

இப்போது சோதனைச் சர்வரில் என் கண்முன்னே வேண்டுமென்றே ஓர் எக்ஸெப்ஷனை எழுப்பி, 500-ஐயும் லாகையும் காட்டச் சொல்கிறேன். அந்தப் பெண்மணியிடம் ஆறாவது முறை அனுப்பும்படி கேட்டுக்கொண்டோம். லாகில் காரணம் வந்து விழுந்தது: அவருடைய முகவரி, தரவுத்தளத்தில் அதற்கு ஒதுக்கிய நீளத்தைத் தாண்டியிருந்தது.