சில்வர் ஓக் மேசை: சேலத்தில் ஒன்று, ஏற்காட்டில் ஒன்று

சில்வர் ஓக்கில் மேசை செய்யப் போகிறேன் என்று சொன்னால் சேலத்து ஆசாரிகள் முதலில் கேட்பது, "அது பிளைவுட் கம்பெனிக்குப் போற மரமாச்சுங்களே, அதுல போயி எதுக்குங்க உழைப்பைக் கொட்டுறீங்க?" என்பதுதான். பேக்கிங் பெட்டி, சென்ட்ரிங் பலகை, பிளைவுட். இதற்கு மேல் அந்த மரத்துக்கு ஊரில் மரியாதை கிடையாது. நான் பொழுதுபோக்குக்கு மர வேலை செய்பவன். வாரநாளில் கணக்குப் புத்தகம், ஞாயிற்றுக்கிழமை இழைப்புளி. கன்னங்குறிச்சியில் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை, அதுதான் பட்டறை. இந்த மரத்தில் மேசை, பெஞ்சு, புத்தக அலமாரி, ஸ்டூல் என்று செய்து ஆறேழு வருஷமாக வீட்டில் புழங்கியாகிவிட்டது. வீட்டுக்குள் போடும் சாமானுக்கு, அதுவும் கையால் இழைத்துச் செய்கிறவருக்கு, தேக்குக்கு முன்னால் இதைத்தான் சிபாரிசு செய்வேன். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அல்ல.

ஏற்காட்டில் இருக்கும் அக்கா வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரே அடிமரத்திலிருந்து அறுத்த பலகைகளில் ஒரே அளவில் இரண்டு மேசைகள் செய்தேன். இரண்டிலும் ஒரே மூட்டு, ஒரே மாதிரி இழுப்பறை. நடுவே முப்பது கிலோமீட்டர் ரோடு, 20 கொண்டை ஊசி வளைவுகள். கீழே சித்திரையில் 38, 39 டிகிரி காயும். மேலே, 1,500 மீட்டர் உயரத்தில், 30ஐத் தாண்டுவதே அரிது. ஐப்பசி கார்த்திகையில் ஜன்னலைத் திறந்தால் பனிமூட்டம் கூடத்துக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒரே மரம் இரண்டு காற்றில் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்க இதைவிட நல்ல வசதி கிடைக்காது.

முதலில் மரத்தைப் பற்றி. பேரில் ஓக் இருக்கிறதே தவிர, ஓக் குடும்பத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சொந்த ஊர் ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரை. 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் ஏற்காட்டுக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். காப்பிச் செடிக்கு நிழல் வேண்டும். நேராக உயர்ந்து வளர்ந்து, வெயிலை முழுக்க மறைக்காமல் சல்லடையாக இறக்கும் மரம் என்பதால் 19ஆம் நூற்றாண்டில் தோட்டக்காரர்கள் சில்வர் ஓக்கைப் பிடித்துக்கொண்டார்கள். அப்புறம் அதன் மேலேயே மிளகுக் கொடியையும் ஏற்றிவிட்டார்கள். இன்றைக்கு ஏற்காட்டுத் தோட்டங்களில் கண்ணில் படும் உயர்ந்த மரங்களில் பெரும்பாலும் இதுதான். நிழல் கூடிப்போனால் வெட்டுவார்கள், அனுமதி வாங்கித்தான். அந்த மரம்தான் லாரி ஏறி அடிவாரத்துக்கு வருகிறது. நம் ஊர்க் காப்பி குடித்து வளர்ந்தவன் என்ற பாசமும் கொஞ்சம் எனக்கு உண்டு, மறைப்பானேன்.

விலை தேக்கில் பாதிகூட வராது. கணக்கு கன அடியில்: நீளம் அடியில், அகலமும் கனமும் அங்குலத்தில் எடுத்து, மூன்றையும் பெருக்கி 144ஆல் வகுத்தால் கன அடி. 6 அடி நீளம், 12 அங்குல அகலம், 2 அங்குல கனம் உள்ள பலகை சரியாக ஒரு கன அடி. மரக்கடையில் கால்குலேட்டரை அவர்கள் தட்டுவதற்கு முன்னால் நாம் தட்டிவிட்டால் பேச்சு சுருக்கமாக முடியும். பில் கேட்டு வாங்குங்கள். மலையில் தெரிந்தவர் தோட்டத்திலிருந்து ஒரு கட்டை சும்மா கிடைக்கிறது என்று காரில் போட்டுக்கொண்டு இறங்கினால், வனத்துறைச் சோதனைச் சாவடியில் அது என்ன மரம், எங்கே வெட்டியது என்று பதில் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். ஈட்டி, சந்தனம் பக்கம் திரும்பவே வேண்டாம்.

பணத்தைவிட முக்கியமான இடம் அறுவை மில். மில்காரர் வழக்கமாக அடிமரத்தை ஒரே திசையில் ரொட்டி அறுப்பதுபோல் அறுத்துத் தள்ளிவிடுவார். வேகமும் அதுதான், சேதாரமும் குறைவு. அப்படி அறுத்த பலகையில் பார்க்க ஒன்றும் இருக்காது. வெளிறிய ரோஜா நிறம், அங்கங்கே வரி, அவ்வளவுதான். கட்டையை முதலில் நாலு கூறாகப் பிளந்து, வெட்டுமுனையில் தெரியும் வளையங்கள் பலகையின் முகத்துக்கு நேர்க்குத்தாக நிற்கும்படி ஒவ்வொரு கூறையும் அறுக்கச் சொல்லுங்கள். கூலி கூடும், முணுமுணுப்பும் கூடும். ஆனால் இழைப்புளியை முதல் தடவை ஓட்டியதும் கரடுமுரடான பழுப்புக்கு அடியிலிருந்து பளபளவென்று சின்னச் சின்னத் திட்டுகள் எழுந்து வரும். மையத்திலிருந்து பட்டையை நோக்கி ஓடும் கதிர் இழைகள் நீளவாக்கில் வெட்டுப்பட்டதால் வரும் மினுமினுப்பு அது. ஜன்னல் பக்கம் சாய்த்தால் ஒரு நிறம், விளக்கடியில் பார்த்தால் வேறு நிறம். எங்கள் மேசையைப் பார்த்துவிட்டு இது என்ன மைக்கா ஒட்டியிருக்கிறீர்களா என்று தடவிப் பார்த்தவர்கள் உண்டு.

அழகுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. எந்த மரமும் ஈரம் ஏறினால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். நீளவாக்கில் அநேகமாக அசையாது. அகலவாக்கில்தான் எல்லாச் சேட்டையும். வளையத்தின் போக்கிலேயே அளந்தால் சில்வர் ஓக் சுருங்குவது, மையத்திலிருந்து வெளிநோக்கி அளப்பதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். அதனால்தான் சாதாரணமாக அறுத்த பலகை கோணிக்கொண்டு படகாகிறது. நாலு கூறாக அறுத்தது அப்படியே படுத்துக் கிடக்கும். எங்கள் வீட்டு மேசையின் மேற்பலகை இன்றைக்கும் நேர்க்கோல் வைத்தால் வெளிச்சம் தெரியாமல் இருக்கிறது. அதே மரத்தில் சாதாரணமாக அறுத்து வந்த பலகைகளை அலமாரிக்குப் போட்டேன். அதில் மேல் தட்டு லேசாக வளைந்துவிட்டது. புத்தகப் பாரத்தால் என்று வீட்டில் சொல்கிறார்கள். பாரத்தால் என்றால் நீளவாக்கில் தொய்ந்திருக்கும், இது அகலவாக்கில் குழிந்திருக்கிறது.

காய வைப்பதற்குப் பொறுமை வேண்டும். ஒரு அங்குல கனத்துக்கு ஒரு வருஷம் என்று தச்சு வேலை செய்கிறவர்கள் சொல்வார்கள். சேலம் வெயிலில் அதைவிடச் சீக்கிரமே காய்கிறது. ஆனால் சீக்கிரம் காய்வதே இங்கே வில்லங்கம். முனைகள் முந்திக்கொண்டு காய்ந்து வெடிக்கும். வெட்டுமுனை இரண்டிலும் பழைய பெயின்ட்டையோ மெழுகையோ கெட்டியாகப் பூசி, பலகைக்குப் பலகை ஒரே கன ரீப்பரை, அதாவது மெல்லிய மரச் சட்டத்தை, இடையில் கொடுத்து, வெயில் படாத, காற்று ஓடும் இடத்தில் அடுக்கிவிட்டு வேறு வேலையைப் பார்க்க வேண்டியதுதான்.

சரி, மேசைகளுக்கு வருகிறேன். மேற்பலகை இரண்டரை அடி அகலம். எங்கள் வீட்டில் சித்திரைக்கும் ஐப்பசிக்கும் நடுவே அது ஏறக்குறைய இரண்டு நூல், அதாவது கால் அங்குலம், அகலம் கூடிக் குறைகிறது. சட்டத்தோடு திருகாணி போட்டு இறுக்கியிருந்தால் எந்தக் கோடையிலோ நடுவில் பிளந்திருக்கும். இரண்டு மேசையிலும் சட்டத்தின் உள்பக்கம் காடி, அதாவது நீளப் பள்ளம், எடுத்து, அதில் நாக்கு நுழையும்படி சின்னச் சின்ன மரக்கட்டைகளை மேற்பலகையின் அடியில் திருகியிருக்கிறேன். பலகை விரிந்தால் கட்டை காடிக்குள் நகர்ந்துகொள்ளும். வெளியே ஒன்றும் தெரியாது. இந்த ஒரு ஏற்பாட்டுக்காகவே கடையில் வாங்கும் மேசையைக் குனிந்து அடியில் பார்க்கும் கெட்ட பழக்கம் வந்துவிட்டது. "மேசை வாங்க வந்தீங்களா, பல்லி தேட வந்தீங்களா?" என்று மனைவி கேட்கும் அளவுக்கு.

இழுப்பறைதான் மலையின் குணத்தைக் காட்டிக்கொடுத்தது. இரண்டு மேசைக்கும் கோடையில் கொட்டகையில் வைத்து, மேலே அரை நூல் இடைவெளி விட்டுப் பொருத்தினேன். சேலத்தில் அது வருஷம் முழுக்க விரலால் தள்ளினால் ஓடுகிறது. ஏற்காட்டில் புரட்டாசி வரைக்கும் ஒரு புகாரும் இல்லை. ஐப்பசியில் மாமா போன் செய்தார்: "மாப்ள, உன் மேசையில என் ரேஷன் கார்டு மாட்டிக்கிச்சு." அக்கா வீட்டில் போய்ப் பார்த்தால் இழுப்பறையின் பக்கப் பலகை அந்த அரை நூலையும் தின்றுவிட்டு மேல்சட்டத்தை முட்டிக்கொண்டு நிற்கிறது. கைப்பிடியைப் பிடித்து இழுத்தால் மேசையே நகர்ந்து வருகிறது. மேசையைத் தலைகீழாகக் கவிழ்த்து, பின்பக்கம் கை விட்டுத் தள்ளித்தான் வெளியே எடுத்தோம். ஆனால் அதன் மூலைகளில் புறாவின் வால்போல் வெட்டிக் கோத்த புறாவால் மூட்டுகளில் ஒரு மயிரிழை விலகல்கூட இல்லை. அங்கேயே வாசலில் வைத்து மேல் விளிம்பை இழைத்துவிட்டு வந்தேன். இப்போது கோடையில் கொஞ்சம் லொடலொடக்கிறது, மழையில் சரியாக நிற்கிறது. மலை வீட்டு இழுப்பறைக்கு மழைக்காலத்தில்தான் அளவு பார்க்க வேண்டும். கீழே செய்து மேலே அனுப்புவதானால் பக்கப் பலகையின் உயரத்தில் ஒரு நூலாவது விட்டுவிடுங்கள்.

பாலிஷிலும் இரண்டு வீடும் இரண்டு விதம். எங்கள் மேசைக்கு அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணிப் பொட்டலத்தால் தேய்க்கும் பழைய பாணி பாலிஷ். கதிர் மினுமினுப்பை அதுபோலத் தூக்கிக் காட்டுவது எதுவுமில்லை. சூடான டம்ளர் வைத்தால் வெள்ளை வளையம் விழும், அது உண்மை. ஆனால் ஸ்பிரிட் நனைத்த துணியால் லேசாக ஒரு இழுப்பு இழுத்தால் போய்விடும். மெலமைன், பி.யூ. (பாலியூரித்தேன்) பூச்சுகள் எல்லாம் கறை தாங்கும், ஆனால் ஒரு இடத்தில் உரிந்தால் முழுப் பரப்பையும் சுரண்ட வேண்டும். வீட்டில் நாமே பராமரிக்கிற சாமானுக்கு அரக்குதான் தோது. அதையே ஏற்காட்டில் ஈரக் காற்றில் பூசினால் ஸ்பிரிட் ஆவியாகும் வேகத்தில் காற்றின் ஈரம் படிந்து பால்போல் வெளுத்துவிடும். மலையில் பாலிஷ் வேலை மாசி, பங்குனியில்தான். அக்கா வீட்டு மேசைக்கு ஆளிவிதை எண்ணெய் கொடுத்தேன். சுவரோடு ஒட்டிய பின்பக்கத்தில் ஒவ்வொரு மழைக்கும் பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சணம் பூக்கிறது. சுவரிலிருந்து நாலு விரல் தள்ளிப் போட்டபின் குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. அடுத்த கோடையில் அதைத் துடைத்து, நன்றாக உலரவிட்டு, மேலே அரக்கு பூசிவிடலாம் என்று இருக்கிறேன்.

ஆயுள் பற்றிக் கேட்பவர்களுக்கு: தேக்கைப்போல் வாசலில், மழையில் போட முடியாது. மண் தொடும் இடத்தில் கரையான் விடாது. வீட்டுக்குள் இருந்தாலும் வெள்ளைப் பகுதியை, பட்டைக்கு அடுத்த வெளிர் மரத்தை, நம்பக் கூடாது. அதில் மாவுச்சத்து இருக்கிறது. குண்டூசித் துளை போட்டு மாவாக உதிர்க்கும் பூச்சி அதைத்தான் தேடி வரும். என் பெஞ்சின் ஒரு காலில் ஓரமாக வெள்ளை இருந்தது. இரண்டாம் வருஷமே தரையில் சந்தன நிறத்தில் தூள். உள்ளே இருக்கும் கெட்டியான வைரப் பகுதியில் துளை இல்லை. இப்போதெல்லாம் வெள்ளையை அறுத்து விறகுக்குப் போட்டுவிடுகிறேன், மீதிக்கு போராக்ஸ், போரிக் ஆசிட் கரைசலை இழைத்தபிறகு இரண்டு தடவை பூசுகிறேன். ஸ்டூல் மாதிரி சமையலறை ஈரத்தில் கிடக்கிற சாமானுக்குப் பலா மரம் தேடுங்கள். புதிதாக அறுத்தால் மஞ்சளாக இருக்கும், நாளாக ஆகப் பழுப்பேறும், பூச்சியும் அதிகம் நாடாது.

கருவிகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பணம் கரையும் என்பதால் சுருக்கமாக: ஒரு இரும்பு இழைப்புளி, கால், அரை, முக்கால் அங்குல உளி, நல்ல ரம்பம், மூலைமட்டம், கொட்டாப்புளி. மீதிப் பணத்தைத் தீட்டும் கல்லில் போடுங்கள். சில்வர் ஓக்கில் அந்தக் கதிர்த் திட்டுகள் மழுங்கிய அலகு பட்டால் பொக்கு பொக்காகப் பெயர்ந்துவிடும். அப்புறம் எந்த உப்புத்தாளாலும் சரிசெய்ய முடியாது.

கடைசியாக, இதைச் சொல்லாமல் மரம் வாங்க அனுப்புவது நியாயமில்லை. சில்வர் ஓக் தூள் சிலருக்குத் தோலில் ஒவ்வாது. எனக்கு முழங்கைக்குக் கீழே தடித்துச் சிவந்து அரிக்கும், வேர்வையோடு சேர்ந்தால் இன்னும் மோசம். முழுக்கை சட்டை, முகக்கவசம், வேலை முடிந்ததும் குளியல் என்று வைத்துக்கொண்டபின் அடங்கியிருக்கிறது. முதலில் ஒரு துண்டை வாங்கி ஒரு ஞாயிறு முழுக்க இழைத்துப் பாருங்கள். கை அரிக்கவில்லை என்றால் மேசைக்கு மரம் எடுக்கலாம்.