சர்க்கரை மாத்திரைக்கு எங்கே போவது?

மாதாமாதம் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை வாங்குகிறவர்களின் குழப்பம் இது: ஆரம்ப சுகாதார நிலையமா, தெருமுனை கிளினிக்கா?

செலவு: அரசு நிலையத்தில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். கிளினிக்கில் டாக்டர், ரத்தப் பரிசோதனை, மருந்துக்கடை என மூன்று முறை பர்ஸைத் திறக்க வேண்டும்.

நேரம்: சிக்கலே இங்கேதான். அரசு நிலையத்தில் கூட்டமெல்லாம் காலையில். தினக்கூலிக்காரருக்கு அந்த இலவச மாத்திரையின் விலை ஒரு நாள் கூலி. கிளினிக் இரவு 8 மணிக்கும் திறந்திருக்கும். காசில்லாதவரும் கடன் வாங்கி அங்கே போவது இதனால்தான். (2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற தமிழக அரசுத் திட்டம் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது, கேட்டுப் பதிந்துகொள்ளுங்கள்.)

தொடர்ச்சி: கிளினிக்கில் அதே டாக்டர். அரசு நிலையத்தில் மாறலாம். பழைய சீட்டைத் தொலைக்காதீர்கள்.

மாலையில் மட்டும் ஓய்வுள்ள சம்பளக்காரருக்குக் கிளினிக். காலையில் வீட்டிலிருக்கும், வருமானம் குறைந்த முதியவருக்கு அரசு நிலையமே.